நீமோவுக்கு வீடு வாங்கும் முன் ஒரு வருஷம் பொறுங்கள்

"அப்பா, ராக்கெட்டைக் காணோம்."

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமைக் காலை. ஸ்கார்பரோவில் வெளியே மைனஸ் 18 டிகிரி. ஹாலில் 200 லிட்டர் உப்புநீர் மீன்தொட்டி நீல வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. ஆறு வயது மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். ராக்கெட் என்பது அவள் வைத்த பெயர். முன்பாதி வெள்ளை, பின்பாதி சிவப்பு, விரல் நீளம்தான் இருக்கும். கடையில் ஃபயர்ஃபிஷ் என்று எழுதியிருந்தார்கள். ஆள் நிழல் பட்டாலே சர்ரென்று பாய்ந்து பொந்துக்குள் போய்விடும். அதனால் ராக்கெட்.

பாறைக்குப் பின்னால் தேடினேன். ஃபில்டரில் தேடினேன். எகிறிக் குதிக்கிற மீன் என்பதால் தரையில்கூடத் தேடினேன். கடைசியில் அவள்தான் கண்டுபிடித்தாள். முந்தின நாள் நான் வாங்கி வந்த பச்சை நிறக் கார்ப்பெட் அனிமோனின் நடுவே, அதன் வாயிலிருந்து சிவப்பு வால் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. "நீங்கதானேப்பா இதை வாங்கிட்டு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து இப்போது சொல்லிப் பார்க்கிறேன். உங்களில் யாராவது இந்தக் குளிர்காலத்தில் பிள்ளைகளுக்காக ஒரு கடல்மீன் தொட்டி வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

படம் பார்த்து வந்த ஆசை

ஐ.டி. வேலை, வீட்டிலிருந்தே மீட்டிங், ஆறு மாதம் பனி. நம் ஆட்கள் வீட்டுக்குப் போனால் முன்பு பெரிய டி.வி.யைக் காட்டுவார்கள். இப்போது நான்கைந்து வீடுகளில் மீன்தொட்டியைக் காட்டுகிறார்கள். எல்லாத் தொட்டியிலும் ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன் கட்டாயம் உண்டு. காரணம் சொல்லவே வேண்டாம், 'ஃபைண்டிங் நீமோ'. 2003-ல் வந்த படத்தை நாம் படிக்கிற வயதில் பார்த்தோம், இப்போது நம் பிள்ளைகள் டேப்லட்டில் பார்க்கிறார்கள். பார்த்து முடித்ததும் அடுத்த கோரிக்கை: "நீமோவோட வீடு எங்கப்பா?"

ஒரு விஷயம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. அந்தப் படத்தின் கதையே கடலில் இருந்த ஒரு குட்டி மீனைப் பிடித்துக்கொண்டு போய் சிட்னியில் ஒரு பல் டாக்டரின் தொட்டியில் போட்டுவிட்டார்கள் என்பதுதான். அப்பா மீன் கடல் முழுக்கத் தேடி அலைகிறது. அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டு, மறுநாள் கடைக்குப் போய் மீன் வாங்குகிறோம். நானும் அப்படித்தான் போனேன்.

தொட்டி வைத்து ஐந்தாவது வாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடைக்காரர் ஒரு பச்சைக் கம்பளத்தைக் காட்டி, "உங்கள் கோமாளி மீனுக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்றார். தொட்டிக்கு எவ்வளவு வயசு, உள்ளே வேறு என்ன மீன் இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது டெஸ்டிங் இல்லாமல் ரிலீஸ் பண்ணினால் நான்தான் முதலில் சத்தம் போடுகிற ஆள். உயிர் விஷயத்தில் அதையே செய்தேன்.

பூ மாதிரி இருக்கும், பூ இல்லை

தமிழில் இதைக் கடல் சாமந்தி என்கிறோம். பெயர் அழகுதான், ஆனால் அந்தப் பெயரே நம்மை ஏமாற்றுகிறது. செடி இல்லை, பூ இல்லை. இது இரை பிடிக்கும் விலங்கு. மீன்களைக்கூட விழுங்கும்.

கோடையில் அம்மா சூப்பர் விசாவில் வந்திருந்தார். தூத்துக்குடிக்காரர். தொட்டி முன்னால் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தார். நடந்ததைச் சொன்னதும், "ஏய்யா, இது நம்மூர்ல வலைல வர்ற சொறி ஜாதிதானே? கைய வைக்காதன்னு பிள்ளைங்கள அதட்டி வளத்தோம். நீ காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ள வச்சிருக்க" என்றார்.

அம்மா சொன்னது அறிவியல்படியும் சரி. நம் மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீனும், கடல் சாமந்தியும், பவழமும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. மூன்றுக்கும் பொதுவான ஆயுதம் கொட்டும் செல். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஸ்பிரிங் போலச் சுருண்ட ஒரு நூலும் முள்ளும் இருக்கின்றன. தொட்டால் வெடித்துப் பாய்ந்து விஷத்தை ஏற்றும். இதே தொகுதியைச் சேர்ந்த, நன்னீரில் வாழும் ஹைட்ராவில் அளந்து பார்த்தபோது, முள் பாயும் அந்தக் கட்டத்துக்கு ஒரு மைக்ரோ நொடிகூட ஆகவில்லை. ராக்கெட் என்னதான் வேகமான மீனாக இருந்தாலும் அதற்கு வாய்ப்பே இருந்திருக்காது.

மன்னார் வளைகுடா என் ஊர்க் கடல். 21 தீவுகள், பவழப் பாறைகள், கோமாளி மீன்கள், கடல் சாமந்திகள் எல்லாம் அங்கே உண்டு. 1986-லேயே அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். அங்கே பிறந்து வளர்ந்த நான் ஒருநாளும் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்ததில்லை. முதல் கடல் சாமந்தியைக் கனடாவில் கண்ணாடிக்குப் பின்னால், விலைச் சீட்டோடு பார்த்தேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

மீனுக்குத் தேவையா, நமக்குத் தேவையா?

கோமாளி மீனை மட்டும் ஏன் அது விட்டுவைக்கிறது? அதன் உடலைப் போர்த்தியிருக்கும் கொழகொழப்பில்தான் விஷயம் இருக்கிறது. கொட்டும் செல்களைத் தூண்டிவிடும் சியாலிக் அமிலம் அந்தப் பூச்சில் மிகக் குறைவு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். குஞ்சாக இருக்கும்போது இந்தப் பாதுகாப்பு கிடையாது, வளர வளரத்தான் வரும். அப்போதும் புது சாமந்தி என்றால் உடனே போய் விழுவதில்லை. வாலால் ஒருமுறை, வயிற்றால் ஒருமுறை தொட்டுத் தொட்டுப் பழகுகிறது.

இந்தப் பாதுகாப்பும் எல்லா சாமந்தியிடமும் செல்லாது. உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல் சாமந்தி வகைகள் இருக்கின்றன. கோமாளி மீன்கள் கிட்டத்தட்ட 30 வகை. அவற்றுக்கு இடம் கொடுப்பவை சுமார் 10 சாமந்தி வகைகள் மட்டுமே. அதிலும் எந்த மீன் எதில் வாழும் என்று கணக்கு உண்டு. நான் வைத்திருந்தது ஓசெல்லாரிஸ் என்ற வகை, நீமோ வகை. கடலில் அது மூன்று வகை சாமந்திகளோடுதான் வாழ்கிறது. நான் வாங்கி வந்த ஹாடோனி கார்ப்பெட் அந்த மூன்றில் இல்லை. என் கோமாளிகள் அதன் பக்கமே போகவில்லை. பொருத்தம் பார்க்காமல் சம்பந்தம் பேசிய கதை.

இப்போது நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். கடலில் கோமாளி மீனுக்கு சாமந்தி ஏன் வேண்டும்? அது மோசமாக நீந்தும் மீன். வெளியே வந்தால் பெரிய மீன் தின்றுவிடும், அதனால் கொட்டுகிறவனின் மடியில் ஒளிந்துகொள்கிறது. உங்கள் ஹாலில் இருக்கும் தொட்டியில் அதைத் தின்ன யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. சாமந்தியே இல்லாமல் கோமாளி மீன் பத்து வருஷத்துக்கு மேலும் நன்றாக வாழும், ஜோடி சேரும், முட்டையிடும். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் தொட்டியிலேயே இவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள்.

ஆக, மீனுக்கு அது தேவையில்லை. அந்தப் படத்தில் பார்த்த காட்சி நமக்குத்தான் தேவைப்படுகிறது. நம் ஆசைக்காகச் செய்கிறோம் என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால்தான் அடுத்த பொறுப்பு நம்முடையது என்பது புரியும்.

"ஆயிரம் பேர் வளர்க்கிறார்களே?"

வளர்க்கிறார்கள்தான். இல்லை என்று சொல்லவில்லை. நானும் இப்போது ஒன்று வளர்க்கிறேன். நன்றாக வளர்க்கிறவர்களிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். ஒருவர்கூட முதல் வருஷத்தில் வாங்கவில்லை. அவர்களிடம் கேட்டதையும் நான் பட்டதையும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது, காலம். புதுத் தொட்டியில் மீன் கழிவு அமோனியாவாக மாறும். அதை முறிக்கிற பாக்டீரியாக்கள் பெருகவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அது மீன் விடுவதற்கான குறைந்தபட்சம். சாமந்திக்கு அது போதாது. உப்பும் வெப்பமும் நைட்ரேட்டும் ஏறி இறங்காமல் ஒரே சீராக மாதக்கணக்கில் நிற்க வேண்டும். ஆறு மாதம் என்பார்கள் சிலர். நான் ஒரு வருஷம் என்பேன். ஒரு முழுக் குளிர்காலத்தைத் தொட்டி தாண்டினால்தான் இங்கே நிலவரம் தெரியும். ஹீட்டிங் ஓடும் வீட்டுக் காற்று வறண்டு கிடக்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். நான்கு நாள் கவனிக்காமல் விட்டால் உப்பின் அடர்த்தி ஏறிவிடும். குறைந்ததை உப்புநீரால் அல்ல, சுத்த நீரால் நிரப்ப வேண்டும். டொராண்டோ குழாய் நீரில் குளோரமின் இருப்பதால் அதையும் அப்படியே ஊற்றக் கூடாது. ஆர்.ஓ. நீர்தான் சரி.

இரண்டாவது, வகை. கார்ப்பெட் வகைகள் அரை மீட்டருக்கு மேல் விரியும், மணலோடு மணலாகப் படுத்திருக்கும், நன்றாக ஒட்டும். சின்ன மீன்கள் இருக்கும் வீட்டுத் தொட்டிக்கு அவை வேண்டாம். முதல் முறை என்றால் பபுள் டிப் என்ற வகை பரவாயில்லை. பாறை இடுக்கில் காலை ஊன்றிக்கொள்ளும், கொட்டும் வேகமும் குறைவு. முக்கியமாக, அது தானே இரண்டாகப் பிரிந்து பெருகும். கடலிலிருந்து பிடித்து வந்ததை வாங்காமல், ஏற்கனவே வளர்ப்பவரிடம் பிரிந்ததை வாங்கிக்கொள்ளலாம். வெள்ளைவெளேர் என்று இருப்பதையும், சாயம் போட்ட மாதிரிப் பளீரென்ற மஞ்சள், ஊதா நிறத்தில் இருப்பதையும், வாய் பிளந்து கிடப்பதையும் இரக்கப்பட்டுக்கூட வாங்காதீர்கள். வெள்ளையாக இருப்பது அதற்கு உணவு தயாரித்துத் தரும் பாசியை இழந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, அக்கம்பக்கம். கடல்குதிரை, மாண்டரின் போன்ற மெதுவான மீன்கள், என் ராக்கெட் மாதிரி பயந்து பாய்கிற மீன்கள், மணலில் படுத்துத் தூங்குகிற மீன்கள் எதையும் சாமந்தியோடு வைக்காதீர்கள். வண்ணத்துப்பூச்சி மீன் வைத்தால் அது சாமந்தியையே கொத்தித் தின்னும். இரவில் விளக்கைப் பட்டென்று அணைப்பதும் ஆபத்துதான். இருட்டில் மிரளும் மீன் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. விளக்கை அரை மணி நேரத்தில் மெல்ல மெல்லக் குறைய வையுங்கள். பாறைகளில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பொந்து, சாமந்தியிலிருந்து தள்ளி, இருக்க வேண்டும்.

நான்காவது, மோட்டார். சாமந்தி நடக்கும், நம்ப மாட்டீர்கள். வெளிச்சமோ நீரோட்டமோ பிடிக்காவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாறும். தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரில் போய் மாட்டினால் துண்டு துண்டாகிவிடும். அந்தத் துண்டுகளும் விஷமும் அழுகலும் சேர்ந்து ஒரே நாளில் தொட்டியில் இருக்கும் மற்ற உயிர்களையும் கொன்றுவிடலாம். மோட்டாரின் வாயிலும் ஹீட்டரைச் சுற்றியும் ஸ்பாஞ்சோ வலைக்கூடோ போடாமல் சாமந்தியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

ஐந்தாவது, மருந்து. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்து கொடுப்பார்கள். சாமந்திக்கு அது எமன். நோய் வந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து போட வேண்டும். தனித் தொட்டிக்கு இடமில்லை என்றால் சாமந்திக்கும் இடமில்லை.

ஆறாவது, நம் கை. விரல் நுனித் தோல் தடிப்பு என்பதால் ஒட்டுகிற மாதிரி மட்டும் இருக்கும். முழங்கையின் உள்பக்கம் பட்டால் தடித்துச் சிவந்து எரியும். சிலருக்கு ஒவ்வாமை கடுமையாக வரலாம். நீளமான ரப்பர் கையுறை போடுங்கள், பிள்ளைகளின் கை தொட்டிக்குள் போகவே கூடாது.

கடைசியாக, மின்சாரம். 2013 டிசம்பர் பனிப்புயலில் டொராண்டோவில் எத்தனை வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன என்பது இங்கே இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பொருள் இல்லை, பொறுப்பு

1828-ல் சர் ஜான் டாலியெல் என்பவர் ஸ்காட்லாந்துக் கடற்கரையிலிருந்து ஒரு கடல் சாமந்தியை எடுத்து வந்து எடின்பரோவில் கண்ணாடி ஜாடியில் வளர்த்தார். 1851-ல் அவர் இறந்துவிட்டார். சாமந்தி இறக்கவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி 1887 வரை உயிரோடு இருந்தது. அதற்குப் 'பாட்டி' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

நாம் போன் மாற்றுகிற மாதிரி, வீடு மாற்றுகிற மாதிரி யோசித்து வாங்குகிற உயிர், சரியாகப் பார்த்துக்கொண்டால் நம்மைவிட அதிக நாள் வாழக்கூடியது. கான்ட்ராக்ட் முடிந்து வேறு ஊர் போனால் இதை என்ன செய்வோம்? ஊருக்கு ஐந்து வாரம் லீவில் போனால் யார் பார்ப்பார்கள்? கடைக்காரர் இதைக் கேட்க வேண்டும். தொட்டியின் வயது என்ன, உள்ளே யார் யார் இருக்கிறார்கள், மோட்டாருக்கு வலை இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்காமல் சாமந்தி விற்கிற கடையில் எதையுமே வாங்காதீர்கள் என்பது என் தாழ்மையான கருத்து. அவர் கேட்காவிட்டால் என்ன, நமக்கு நாமே கேட்டுக்கொள்ளலாம் இல்லையா? எனக்கு அந்த ஒரு நிமிஷம் தோன்றவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த வாரம் எனக்கு வேலை நெருக்கடி. மூன்று நாள் மகளோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட முடியவில்லை. அதை ஈடுகட்டத்தான் அந்தப் பச்சைக் கம்பளத்தை வாங்கிப் போனேன். நேரம் கொடுக்க முடியாத அப்பாக்கள் பொருள் கொடுப்பார்கள். பொம்மை கொடுத்தால் பாதகமில்லை. உயிரைக் கொடுத்தால், நம் அவசரத்துக்கு இன்னொரு உயிர் விலை கொடுக்கிறது.

கார்ப்பெட்டைப் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் ஒப்படைத்தேன். பதினான்கு மாதம் சும்மா இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தண்ணீர் சோதிப்பது மகளின் வேலை. உப்பு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். ஒரு வாரம் நான் மறந்தாலும் அவள் விடமாட்டாள். அந்த நோட்டு நிரம்பிய பிறகுதான், இன்னொருவர் தொட்டியில் பிரிந்த ஒரு சின்ன பபுள் டிப்பைக் கொண்டுவந்தோம். முதல் ராத்திரியே அது நடந்து மோட்டார் பக்கம் போய்விட்டது. காலையில் பார்த்தால் ஸ்பாஞ்ச் மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அந்த ஸ்பாஞ்சின் விலை நான்கு டாலர்.

இப்போது அது பாறை இடுக்கில் நிலையாக இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை நகக்கண் அளவு இறால் துண்டு கொடுக்கிறோம்.

கோமாளிகள்? எட்டு மாதமாகியும் அதன் பக்கம் போகவில்லை. இரண்டும் தெர்மாமீட்டருக்குக் கீழே மூலையில்தான் தூங்குகின்றன. போன வாரம் நான்தான் பொறுமை இழந்து, "வேற சாமந்தி பாக்கலாமா?" என்றேன்.

மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அதுங்களுக்கு வேணாமாம்ப்பா. விடுங்க."